ஆபரேஷன் மேசையில் நான் சொன்ன ஸ்லோகம்

1945, ஜனவரி 9, செவ்வாய்

குளிர். மாதுங்கா முழுக்க மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கிறது. அப்பா ஆபீசுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனார். எனக்கு மட்டும் வியர்வை. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

இது போன வருஷத்துப் பூகோள நோட்டு. பின்னால் இருபது பக்கம் காலி. பழைய பாடப் புத்தகக் கட்டுக்குள் செருகி வைப்பேன். சமையலறை மேல் ஜன்னல் வழியாக மாடிப்படி விளக்கின் வெளிச்சம் விழுகிறது. எழுத அது போதும். எல்லோரும் தூங்கியாயிற்று. எனக்குத் தூக்கம் வருவதில்லை, அதனால்தான் எழுத ஆரம்பித்தேன்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் யாருக்கும் தெரியாமல் தின்றது:

பழையது, இரண்டு கை
வெல்லம், எலுமிச்சங்காய் அளவு
சுடாத அப்பளம் ஒன்று
சர்க்கரை நாலு ஸ்பூன்

இன்னும் பசிக்கிறது. நவராத்திரியிலிருந்து இப்படி. தின்பதெல்லாம் எங்கே போகிறதோ. தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை தோளில் நிற்கவில்லை.

வீட்டில் ரேஷன் கார்டு நாலு. அப்பா, அம்மா, நான், தங்கை பட்டு. வயிறு ஐந்து. ஐந்தாவது, மணி சித்தப்பா. அப்பாவின் சித்தி பிள்ளை, பாலக்காட்டிலிருந்து வேலை தேடி வந்து நாலு மாதம். வெளியே காலரியில், அந்த நீள வராந்தாவில், படுக்கை. கார்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறார், வரவில்லை.

இனி அவரை சி. என்றே எழுத வேண்டும். யாராவது எடுத்துப் படித்தால் தெரியக் கூடாது.

ஜன. 12, வெள்ளி

தையல் வகுப்பு. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கை நிற்கவே மாட்டேன் என்கிறது. டீச்சர், "என்னடி, ஊசிக்கு நாட்டியம் சொல்லித் தரயா?" வகுப்பே சிரித்தது. நானும்.

பட்டுவுக்கு ஏழு வயது, நாக்குக்கு எழுபது. "அக்கா கண்ணு தவளை மாதிரி ஆயிடுத்து." அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்து சுற்றிப் போட்டாள்.

சாயங்காலம் சர்க்கரை டப்பாவைக் குலுக்கினாள்.

"ஏன்னா, பதினைஞ்சு நாளைக்கு வாங்கினது. எட்டு நாள்ல அடியைத் தொட்டுடுத்து."

"எறும்பா இருக்கும்."

"ஆமாம், ஆறடி எறும்பு. காலரில படுத்துண்டிருக்கு."

அப்பா பேப்பரைத் திருப்பினார். காலரிக் கதவு திறந்திருந்தது. சி. அங்கேதான் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். நான் பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். நைல் நதி எங்கே உற்பத்தியாகிறது. அதே வரியைப் பத்துத் தரம் படித்தேன்.

ஜன. 16, செவ்வாய்

பொங்கல் ஆயிற்று. இந்த வருஷம் வெல்லம் பாதிதான். மிச்சப் பானையை வழித்தது நான்.

நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது. தலையணையில் காதை வைத்தால் மாடியில் யாரோ மாவு இடிப்பது மாதிரி. திருடுகிறவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று சொல்வார்களே, அதுதானா? அப்படியானால் திருடாத பகலில் ஏன் அடிக்கிறது? இப்படி அடித்து அடித்து ஒரு நாள் நின்றுபோனால்?

அம்பாள் படத்துக்கு முன்னால் மூன்று தடவை சத்தியம் செய்திருக்கிறேன். மூன்றும் போயிற்று.

ஜன. 21, ஞாயிறு

சி. போய்விட்டார்.

காலைச் சாப்பாடு. அப்பாவும் அவரும் பக்கத்துப் பக்கத்தில். மோருக்குச் சாதம் கேட்டார். அம்மா கரண்டியோடு நின்றுகொண்டு, "போடட்டுமா, இல்லே ராத்திரி நீயே எழுந்து எடுத்துப்பியா?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

சி. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போறும் மன்னி" என்று எழுந்து சமையலறை மூலை மோரியில் கை கழுவினார்.

அப்பா வாசலில் அவரிடம், "எங்கேடா கிளம்பறே?"

"அம்பர்நாத்துல ஒரு தொழிற்சாலை. டைம் கீப்பர் வேலை இருக்குன்னு சொன்னேனே அண்ணா. நாலு பேரா ரூம் எடுத்துண்டிருக்கா. அங்கயே தங்கிக்கலாமாக்கும்."

"அது வேண்டாம்னு நீதானேடா சொன்னே? ஷார்ட்ஹாண்ட் படிச்சுட்டு மணி அடிக்கப் போறயா?"

"பேரே மணிதானே. பாந்தமா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா உள்ளே பாத்திரத்தைச் சத்தம் போட்டு நகர்த்தினாள். யுத்த காலத்தில் யார் யாருக்கோ வேலை கிடைக்கிறது, இவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று தினமும் சொன்னவள், வேலைக்குப் போகிறேன் என்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, "ஜயா, கண்ணை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. வீங்கினாப்பல இருக்கு" என்றார்.

நான்தான் என்று சொல்ல வேண்டியது. நாலு எழுத்து. வாயைத் திறந்தேன், வரவில்லை. படியில் பெட்டி இடிக்கிற சத்தம் கீழே வரை கேட்டது.

ராத்திரி சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை. கோதுமை மென்றேன். ரேஷனில் தலையில் கட்டுகிறார்களே என்று அம்மா வாங்கி மூட்டையாக வைத்திருக்கிறாள். அதை யாரும் அளப்பதில்லை.

ஜன. 26, வெள்ளி

சர்க்கரை நிற்கிறது. அம்மா டப்பாவைத் திறந்து அப்பாவிடம் காட்டினாள். "பாத்தேளா? நான் சொன்னா பொல்லாதவ."

ஜன. 30, செவ்வாய்

பள்ளிக்கூட மாடிப்படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. தொடையில் பலமே இல்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா லேடி டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். மராத்திக்காரர், ஆனால் மாதுங்காவில் இருந்து இருந்து தமிழ் நன்றாகப் புரியும்.

கையை நீட்டச் சொல்லி விரல் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. நாடி 132.

"சாப்பாடு எப்படி? ரொம்பப் பசிக்குமா?"

அம்மா முந்திக்கொண்டாள். "எங்கே சாப்பிடறா. கொறிப்பா."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பசி உண்டா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பேனாவை மூடி வைத்து, "இளைச்சுப் போறா, வியர்க்குது, பசி இல்ல. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்" என்றார். அம்மா அந்த நாற்காலியிலேயே சாய்ந்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். அடுத்த கட்டடத்தில் க்ஷயம் வந்த பெண்ணை மீரஜில் க்ஷய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை.

பட்டுவை என் பக்கத்தில் படுக்க விடவில்லை. எனக்குத் தனித் தம்ளர்.

பசிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? சொன்னால் அடுத்த கேள்வி, என்ன தின்றாய்.

பிப். 3, சனி

நெஞ்சில் ஒன்றும் இல்லை. படம் சுத்தம். அப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பட்டுவுக்கு விலா எலும்பு எண்ணிக் காட்டினார். அம்மா தனித் தம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து மற்றதோடு கவிழ்த்தாள்.

அப்படியானால் என்ன வியாதி? பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு.

பிப். 8, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. வராந்தாவில் மூன்று மணி நேரம். பெரிய டாக்டர் பார்சி, வெள்ளைப் புருவம். என்னை உட்காரச் சொன்ன உடனேயே கண்ணைப் பார்த்தார். பின்னால் வந்து நின்று இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து, தண்ணீரை விழுங்கு என்றார். விழுங்கினேன். கழுத்துக்குள் ஏதோ எழும்பி இறங்கியதை நானே இன்றுதான் உணர்ந்தேன்.

அப்புறம் ஒரு மெஷின். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாய் வைத்து, படுத்தபடி மூச்சு விட வேண்டும். பட்டினியோடு வரச் சொன்னது இதற்குத்தான். அந்தப் பட்டினியில் சுவரைத் தின்றிருப்பேன்.

பெரிய டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். எப்போதும் பசிக்கிறதா, நிறையத் தின்கிறாயா என்று. அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "எஸ் சார்" என்றேன். "ஆல்வேஸ், சார்."

அவர் சிரித்தார். அப்பாவிடம் விளக்கினார், அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பி. அது மட்டுக்கு மேல் வேலை செய்கிறது. அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தால் எவ்வளவு விறகு போட்டாலும் சாம்பல்தானே, அது மாதிரி. சூடு, வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை, கண், நெஞ்சு எல்லாம் அதனால்தான்.

பசியும் அதனால்தான். அப்பா இதைச் சொன்னபோது அம்மா கவனிக்கவில்லை, ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டு அழ ஆரம்பித்திருந்தாள். நான் கவனித்தேன்.

டிராமில் திரும்பும்போது காற்று முகத்தில் அடித்தது. பாட வேண்டும்போல் இருந்தது. கழுத்தை அறுக்கப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், எனக்குச் சந்தோஷம். நான் கெட்டவள் இல்லை, எனக்கு வியாதி.

ராத்திரி சேர்த்தது: பசி வியாதியால் வந்தது. சி. போனபோது வாயை மூடிக்கொண்டு நின்றது வியாதியால் வந்ததில்லை.

பிப். 17, சனி

பழுப்பு நிறச் சொட்டு மருந்து. ஒரு வேளைக்குப் பத்துச் சொட்டு பாலில், மூன்று வேளை. வாயில் செம்புக் காசு வைத்தது மாதிரி. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் இல்லை.

நிறையச் சாப்பிட வைக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. அம்மா எல்லோர் பங்கிலிருந்தும் எடுத்து எனக்குப் போடுகிறாள். மாடி மாமி ஒரு கிண்ணம் சர்க்கரை கொடுத்தாள். "தின்னுடி கண்ணே" என்று அம்மா பாலில் மூன்று ஸ்பூன் போட்டாள். எல்லோர் எதிரிலும், பட்டப்பகலில்.

அப்பா ஆபீசுக்குக் கிளம்புமுன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாடி பிடிக்கிறார். 120. 108. இன்று 96. சொட்டு மருந்து வேலை செய்கிறது. நேற்று நாலு மணி நேரம் ஒரே தூக்கம்.

அம்பர்நாத்திலிருந்து சி.யின் தபால் கார்டு. வேலை பரவாயில்லை, ரூமில் ஒருவன் குறட்டை, ஜயாவுக்கு எப்படி இருக்கிறது. அம்மாவை விசாரித்து ஒரு வரி. அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ம்" என்றாள்.

பிப். 22, வியாழன்

ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டு, பதினான்காம் படுக்கை. நோட்டு தலையணை உறைக்குள். நாளைக்கு.

பயம்:
1. செத்துப்போவது.
2. குரல் போய்விடுவது. குரலுக்கு உண்டான நரம்பு அந்த இடத்தில்தான் ஓடுகிறதாம். பக்கத்துப் படுக்கைக் குஜராத்திக்காரி சைகை காட்டிச் சொன்னாள், தேவையில்லாமல்.
3. செத்துப்போய், சி.யிடம் சொல்லாமலே போவது.
4. குரல் போய், சொல்ல முடியாமலே இருப்பது.

எழுதிய பிறகு பார்க்கிறேன், மூன்றும் நாலும்தான் அதிகம் பயமாக இருக்கிறது.

பிப். 27, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். குரல் இருக்கிறது. கரகரவென்று, ஆனால் இருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு. விழுங்கினால் வலி. எழுத முடிகிறது. படுத்தபடி எழுதுவதால் கோணல்.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. ஒரு ஊசி போட்டார்கள், உடம்பு பஞ்சு மாதிரி ஆகி எதைப் பற்றியும் கவலை இல்லாமல் போயிற்று. கழுத்தில் மரத்துப்போகிற ஊசிகள். முகத்துக்கு மேல் ஒரு துணித் திரை. இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. நடுவில் பெரிய டாக்டர் இங்கிலீஷில், "பேசு பெண்ணே. நிறுத்தாமல் பேசு. என்ன வேண்டுமானாலும், உன் பாஷையில்" என்றார். குரல் நரம்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க.

என்ன பேசுவது? பார்சி டாக்டர், ஒரு கோவாக்காரச் சின்ன டாக்டர், முகமூடி போட்ட நர்சு. ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஊசி நாக்கை வேறு அவிழ்த்துவிட்டது. சொன்னேன். எல்லாவற்றையும். சர்க்கரை நாலு ஸ்பூன், அப்பளம், வெல்லம், பழையது, நான்தான் தின்றேன், சித்தப்பா தின்னவில்லை, அம்மா அவரை அப்படிக் கேட்டாள், நான் நின்றுகொண்டிருந்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எத்தனை தரம் சொன்னேனோ.

ராத்திரி கட்டுப் பார்க்க வந்த நர்சு குனிந்து, "வலிக்கா புள்ள?" என்றாள்.

தமிழ்! அப்படியே விழித்தேன்.

"ஊரு நாசரேத்து பக்கம். இப்பம் தாராவில இருக்கேன். எஸ்தர். என்ன முழிக்க? கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். எல்லாம் கேட்டுச்சு. அப்பளத்த சுடாமயா தின்ன? வயிறு என்னத்துக்கு ஆகும்."

பேச முடியவில்லை. பேசவும் கூடாதென்று சொல்லியிருந்தார்கள்.

"டாக்டர் கேட்டாரு, இந்தப் புள்ள என்ன சொல்லுதான்னு. நான் என்னத்தச் சொல்ல? சாமி மந்திரம் சொல்லுதான்னு சொல்லிட்டேன்." தலையணையைத் தட்டிப் போட்டாள். "அந்தச் சித்தப்பா எங்க இருக்காரு?"

விரலால் காற்றில் தூரம் காட்டினேன்.

"ரயிலு போற தூரம்தான?" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாம் படுக்கைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 2, வெள்ளி

தையல் பிரித்தார்கள். நாடி 84.

பெரிய டாக்டர் அப்பாவிடம் கை குலுக்கி, தைரியசாலிப் பெண், கத்தி வைத்த நேரமெல்லாம் பிரார்த்தனை செய்துகொண்டே இருந்தாள் என்றாராம். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எஸ்தர் சிஸ்டர் ஜுரமானியை உதறிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது.

மார்ச் 9, வெள்ளி

வீடு. மூன்று நாளாக விடாமல் தூக்கம். காலையில் போர்வை கேட்டேன். குளிர்கிறது என்றேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டடம் முழுக்கத் தெரியும். அப்பா ஆபீசில் மானேஜர் வரை சொல்லியிருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் கழுத்தைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார்கள், விளக்கேற்றி வைத்த மாதிரி.

மாடி மாமி: "எந்த ஸ்லோகம்டி சொன்னே? எங்காத்துப் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். எழுதிக் குடு, அவளும் சொல்லட்டும்."

"மறந்துபோச்சு மாமி."

"மறந்துபோச்சா? பாத்தியாடி," என்று அம்மாவிடம், "இவ சொல்லலை. அம்பாளே வந்து சொல்லியிருக்கா."

பட்டு மட்டும்: "அக்காக்கு ஒரு ஸ்லோகமும் முழுசாத் தெரியாதே."

மார்ச் 18, ஞாயிறு

சி. வந்தார். அம்பர்நாத்திலிருந்து, பத்து மணி வண்டியில். கொஞ்சம் கறுத்திருக்கிறார். வாசலிலேயே நின்று, "மன்னி, சௌக்கியமா?" அம்மா, "வா" என்றாள். அதற்கு மேல் இல்லை. குழாயில் மத்தியானத் தண்ணீர் வரும் நேரம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அப்பா கடைக்குப் போயிருந்தார். பட்டு காலரியில்.

சி. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "மேசைல படுத்துண்டு ஸ்லோகமெல்லாம் சொன்னயாமே. என்ன ஸ்லோகம் டீ?"

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில். முன்னால் பல தரம் சொல்லிப் பழகியதால் எங்கும் தடுக்கவில்லை.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். படி பக்கம் பார்த்தார்.

"ராத்திரி எத்தனை ஸ்பூன்?"

"நாலு. சில நாள் ஆறு."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு, ஒண்ணு."

"ஹும். நான் காலம்பற நாலு மணிக்காக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"தண்ணி பிடிக்க எழுந்துப்பேனே. வெறும் வயிறு. ஒரு பிடி அள்ளி வாயில போட்டுண்டு குடத்தைத் தூக்குவேன். தினமும் ஒரே ஒரு பிடி, சத்தியமா. ஆனா டப்பா என்னடான்னா வண்டி வண்டியா இறங்கறது. எனக்கே பயம் வந்துடுத்து. தூக்கத்துல எழுந்து போய்த் திங்கறேனோ என்னமோ, எனக்கே தெரியாமன்னு. மன்னி அன்னிக்குக் கேட்டாளே, என்ன பதில் சொல்றது? நான் தொடலைன்னு சொல்ல முடியுமா? அதான் கிளம்பினேன்." ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "அம்பர்நாத்துல ரெண்டு மாசமாக் கால்ல கயிறு கட்டிண்டு தூங்கறேன் டீ."

சிரித்தால் தையல் இடம் இழுக்கிறது. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா குடத்தோடு வந்து, "என்ன?" என்றாள். ஒன்றும் இல்லை என்றோம்.

போகும்போது படியில் ரகசியமாக, "மன்னிகிட்ட உன் பங்கைச் சொல்லணும்னா சொல்லிக்கோ. என் பங்கை மட்டும் விட்டுடு."

மார்ச் 19, திங்கள்

அம்மா புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஆபீஸ். பட்டு பள்ளிக்கூடம். சொன்னேன்.

அரிவாள்மணையை மடக்கினாள். "எப்பலேர்ந்து?"

"நவராத்திரிலேர்ந்து."

"டாக்டர் கேட்டப்போ கொறிப்பான்னு சொன்னேனே நான்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "க்ஷயம்னு அஞ்சு நாள் தனித் தம்ளர் வெச்சேனே." திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் கையை எடுத்து விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்போ அந்த ஸ்லோகம்?"

"இதுதான்மா. இதைத்தான் சொன்னேன்."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றே நினைத்தேன். "மாடி மாமி பொண்ணு," என்றாள், அதற்கு மேல் பேச வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட மூச்சு விடாதே. ஆபீஸ் பூராச் சொல்லிட்டார்."

அடுப்பில் குழம்பு பொங்கியது. இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"அப்போ மணி? அவன் ஒண்ணுமே எடுக்கலையா?"

"இல்லைம்மா."

"ஒரு ஸ்பூன்கூட?"

"ஒரு ஸ்பூன்கூட."

ஸ்பூனால் இல்லைதான்.

சாயங்காலம் ஒரு தபால் கார்டை எடுத்து வந்து என்னையே எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சிரஞ்சீவி மணிக்கு ஆசீர்வாதம். இங்கு ஜயா தேவலை. இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாடு இங்கேதான், உன் ரேஷன் கார்டு வந்தாலும் வராவிட்டாலும். அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ ஒரு ஸ்பூன்கூடத் தொடவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

அப்படியே எழுதினேன். தலையை நிமிர்த்தவில்லை. அவர் அதைப் படிக்கிறபோது அம்பர்நாத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.